விசும்பல் வானத்திலிருந்து வரவில்லை

"விசும்பு" என்றால் வானம். "விசும்பல்" என்றால் மெல்ல அழுவது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் உடனே ஒரு விளக்கம் தோன்றிவிடும். வானம் அழுதால் மழை, மனிதன் அழுதால் விசும்பல், அதனால் இதிலிருந்து அது வந்தது! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கல்லூரி ஆண்டு விழா கவியரங்கத்தில் சொன்னால் கைதட்டல் நிச்சயம் :)

ஆனால் கைதட்டல் வாங்குகிற விளக்கம் எல்லாம் சரியான விளக்கம் ஆகிவிடாது. விசும்பல் வானத்திலிருந்து வரவில்லை, உதட்டிலிருந்து வந்தது என்பது என் கருத்து. இது வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால், அப்படி அழுகிறவர்களைப் பார்க்கிற கண்ணும் கொஞ்சம் மாறும். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில், வானம் ஏன் இல்லை?

வானத்தைக் குறிக்கும் விசும்பு பழைய சொல். சங்க இலக்கியத்தில் நிறைய வருகிறது. திருக்குறளில் வான்சிறப்பு அதிகாரத்திலேயே இருக்கிறது. அங்கே எல்லாம் அது பெயர்ச்சொல். உயரம், மேகம், மழை, பறவை, தேவர் உலகம் என்று மேலே உள்ள விஷயங்களோடுதான் சேர்ந்து வரும்.

அழுகைக்கு வரும் விசும்பு வினைச்சொல். விசும்பினான், விசும்புகிறாள், விசும்பாதே. தமிழில் ஒரு பெயர்ச்சொல்லை அப்படியே எடுத்து, எந்த மாற்றமும் இல்லாமல், சம்பந்தமே இல்லாத வேறு பொருளில் வினையாக்கும் பழக்கம் கிடையாது. 'மலர்' பெயராகவும் வரும், வினையாகவும் வரும். ஆனால் பொருள் ஒன்றுதான். வானம் என்ற பெயரை வைத்துக்கொண்டு யாரும் 'வானத்தினான்' என்று சொல்வதில்லையே!

ஒரே மாதிரி எழுதப்படும் இரண்டு சொற்கள் ஒரே வேரில் பிறந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. மாமரத்து 'மா'வையும் விலங்கைக் குறிக்கும் பழைய 'மா'வையும் யாராவது உறவு கொண்டாட வைப்பார்களா? எழுத்து ஒன்று, பிறப்பு வேறு. விசும்பும் அப்படித்தான்.

அப்படியானால் எங்கிருந்து?

மலையாளப் படங்கள் பார்ப்பவர்களுக்கு 'விதும்புக' என்ற சொல் காதில் விழுந்திருக்கும். அழுகை வரப்போகிறது, இன்னும் வரவில்லை, உதடு மட்டும் துடிக்கிறது. அந்த நிலைதான் விதும்பல். குழந்தையைத் திட்டிவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். கீழுதடு பிதுங்கி நடுங்கும். சத்தம் அடுத்த நொடியில்தான் வரும். மலையாளிகள் அந்த நொடிக்கு ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்.

இது மலையாளத்துக்கு மட்டும் சொந்தமான சொல் இல்லை. தமிழில் விதும்பு, விதுப்பு, விதிர் என்று ஒரு சொற்குடும்பமே இருக்கிறது. 'விதிர்விதிர்த்துப் போனான்' என்று இன்றைக்கும் எழுதுகிறோம். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நடுக்கம்.

திருக்குறளின் காமத்துப்பால் அதிகாரத் தலைப்புகளைப் பாருங்கள். 127-ஆவது அதிகாரம் 'அவர்வயின் விதும்பல்'. 129 'புணர்ச்சி விதும்பல்'. 118 'கண் விதுப்பு அழிதல்'. மூன்று தலைப்புகளில் ஒரே வேர்! உரைகாரர்கள் விதும்பல் என்பதற்கு விரைதல், வேட்கை என்று பொருள் சொல்வார்கள். பிரிந்து போனவனைப் பார்க்க மனம் பரபரப்பது. இதில் 118-ஆவது அதிகாரம் முழுக்க எதைப் பற்றி? அழும் கண்களைப் பற்றி. அன்றைக்கு அவசரப்பட்டு அவனைப் பார்த்த கண்களே இன்றைக்கு ஏன் அழுகின்றன என்று தலைவி தன் கண்களையே கேட்கிறாள். அந்த வேரும் கண்ணீரும் வள்ளுவர் காலத்திலேயே பக்கத்துப் பக்கத்தில்தான் இருந்திருக்கின்றன.

'வேட்கை எங்கே, அழுகை எங்கே, இரண்டும் எப்படி ஒன்றாகும்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் நம் வாயிலேயே இருக்கிறது. 'துடி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 'துடிப்பான பையன்' என்றால் பாராட்டு. 'அவளைப் பார்க்கத் துடிக்கிறான்' என்றால் ஆசை. 'கேட்டதும் துடித்துப் போனாள்' என்றால் வேதனை. மூன்றுக்கும் அடியில் உடம்பின் அதிர்வு ஒன்றுதான். விதும்பலும் அதே மாதிரி. ஆசையில் நடுங்கினாலும் விதும்பல், அழுகையில் நடுங்கினாலும் விதும்பல். பழந்தமிழ் முதல் பொருளை அதிகம் பயன்படுத்தியது. மலையாளம் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டது.

சரி, 'த' எப்படி 'ச' ஆனது? இதற்கும் புத்தகம் தேவையில்லை, வீட்டில் பேசுவதைக் கேட்டால் போதும். பெரிது என்று எழுதுகிறோம், பெருசு என்று பேசுகிறோம். சிறிது சிறுசு ஆகிறது, புதிது புதுசு ஆகிறது. இகரத்தை அடுத்து வரும் தகரம் நம் நாக்கில் சகரமாக நழுவுகிறது. விதும்பு விசும்பு ஆனதும் அதே நழுவல்தான் என்கிறேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. வயது–வயசு, மனது–மனசு ஜோடிகளை இதற்குச் சான்றாகக் காட்டக் கூடாது. அவை வடமொழி வயஸ், மனஸ் என்பவற்றிலிருந்து வந்தவை. அங்கே சகர ஒலிதான் முதலில் இருந்தது, 'த' பின்னால் வந்தது. திசையே தலைகீழ். நமக்கு வேண்டியது பெரிது–பெருசு போன்ற சொந்தச் சரக்கு மட்டும்தான்.

ஆக, மூன்று விஷயங்கள் சேருகின்றன. ஒன்று, பக்கத்து மொழியில் அதே சொல் அதே பொருளில் உயிரோடு இருக்கிறது. இரண்டு, பழந்தமிழில் அந்த வேர் நடுக்கத்தையும் பிரிவையும் குறித்திருக்கிறது. மூன்று, ஒலி மாறியதற்கு நம் பேச்சிலேயே வழி இருக்கிறது. வானத்து விளக்கத்துக்கு இப்படி ஒன்றுகூடக் கிடையாது. அழகு மட்டும்தான் இருக்கிறது.

அழுகைக்குள் எத்தனை அழுகை

விசும்பு மட்டும் இல்லை, சத்தம் குறைந்த அழுகைக்குத் தமிழில் ஒரு வரிசையே உண்டு. நாம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 'அழுகை' என்று போட்டுவிடுகிறோம். அகராதியைப் புரட்டினாலும் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகச் சொல்லிச் சுற்ற விடுவார்கள். ஆனால் வேரைப் பார்த்தால் ஒவ்வொன்றும் உடம்பில் வேறு வேறு இடத்தைத் தொடுகிறது.

விம்மு: இதன் அடிப்படைப் பொருள் பெருத்தல், உள்ளே நிறைந்து வெளியே புடைத்தல். 'பெருமையில் நெஞ்சு விம்மியது' என்று மகிழ்ச்சிக்கும் சொல்கிறோம் அல்லவா? அழுகையிலும் அதேதான். மார்பு ஏறி இறங்குகிறது. உள்ளே கொள்ளவில்லை. மலையாளத்தில் 'விம்மிட்டம்' என்றால் மூச்சுமுட்டும் தவிப்பு. ஆக விம்மலின் இடம் நெஞ்சு.

தேம்பு: இதற்கு வாடுதல், மெலிதல், சோர்தல் என்ற பழைய பொருள்கள் உண்டு. கொடி தேம்பும், உடம்பும் தேம்பும். அழுது அழுது ஓய்ந்துபோன பிறகு, கண்ணீர்கூட வற்றிய பிறகு, இடைவெளி விட்டு விட்டு ஒரு இழுப்பு வருமே, அதுதான் தேம்பல். தூங்கிப்போன குழந்தைகூடத் தூக்கத்தில் தேம்பும். விம்மல் நிறைவதால் வருகிறது, தேம்பல் தேய்வதால் வருகிறது. நேர் எதிர்!

கேவு: மூச்சை இழுத்து இழுத்து அழுவது. 'கேவிக் கேவி அழுதாள்.' இதன் இடம் தொண்டை.

விக்கு: நமக்கு இது பெரும்பாலும் தண்ணீர் குடிக்க வேண்டிய விக்கல். ஆனால் கன்னடத்தில் 'பிக்கி பிக்கி' அழுவார்கள். தெலுங்கில் 'வெக்கி வெக்கி' அழுவார்கள். தமிழ் வகரம் கன்னடத்தில் பகரமாவது வழக்கம்தான். விக்கலும் விம்மலும் ஒரே குலுக்கல் என்று அந்த இரண்டு மொழிகளும் முடிவு செய்துவிட்டன.

சிணுங்கு: காரியம் ஆக வேண்டி அழுவது. இதில் துக்கம் குறைவு, கோரிக்கை அதிகம். குழந்தைக்கும் காதலிக்கும் பொது :)

விசும்பு: இதன் இடம் உதடு. அடக்க நினைத்தும் முடியாமல் போன அழுகை. இங்கேதான் விசும்பல் மற்றவற்றிலிருந்து பிரிகிறது. விம்முகிறவர் தன்னை மறந்து விம்மலாம். விசும்புகிறவர் தன்னை மறப்பதில்லை. யாரோ கேட்டுவிடுவார்கள் என்ற நினைப்போடுதான் விசும்புகிறார். அதனால்தான் இருட்டிலும் தலையணையிலும் கதவுக்குப் பின்னாலும் விசும்பல் இருக்கிறது. மேடை போட்டு யாரும் விசும்புவதில்லை.

நம்ம ஊர் கணக்கில் வராதது

இப்போது காரைக்குடிக்கு வருவோம். தமிழ்த்தாய்க்கே கோயில் இருக்கிற ஊர், சொல்லுக்கு உதாரணம் தேடி வெளியே போக வேண்டுமா என்ன?

நகரத்தார் கணக்குக்குப் பேர்போனவர்கள். கல்யாணத்துக்கு இசைகுடிமானம் எழுதுவார்கள், மொய் எழுதுவார்கள், பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களுக்குப் பட்டியல் போடுவார்கள். வட்டிக்கணக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆங்கிலேயர் 1852-ல் கீழ்ப் பர்மாவைப் பிடித்த பிறகு, ஐராவதி டெல்டாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்து வளர்ந்த தொழில் அது. 1929–30-ல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது சுமார் 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவர்கள் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது.

அந்தக் கடைகளுக்குப் போன ஏஜெண்டுகள் மூன்று வருடக் கணக்கில் போனார்கள். மூன்று வருடம் அங்கே, பிறகு ஊருக்கு வருவது, பிறகு மறுபடி கணக்கு. மனைவி மக்கள் பெரும்பாலும் இங்கேயே. கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் காரைக்குடியிலும் நாம் வாய்பிளந்து பார்க்கிற வீடுகள் இப்படிப் போனவர்கள் அனுப்பிய பணத்தில் எழுந்தவை. பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு.

அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த பதினாறு வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். வளவைச் சுற்றி அறைகள். மாமியார், நாத்தனார், கொழுந்தன் பெண்டாட்டிகள், வேலைக்காரர்கள். எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழ். திறந்த வளவில் ஒருவர் இருமினால் எல்லாருக்கும் கேட்கும். புருஷன் கப்பலேறுகிற நாளில் அழக் கூடாது. பயணம் புறப்படும்போது கண்ணீர் விட்டால் அபசகுனம். போன பிறகும் அழக் கூடாது. 'நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்கு அழுகிற, அவன் சம்பாதிக்கத்தானே போயிருக்கான்' என்பார்கள். அவள் எங்கே அழுவாள்? எப்படி அழுவாள்?

விசும்புவாள். அவளுக்கு அனுமதிக்கப்பட்ட ஒரே அழுகை அதுதான்.

வள்ளுவர் 'அவர்வயின் விதும்பல்' அதிகாரத்தில் காட்டுகிற பெண், அவன் போன நாட்களைக் குறித்து வைத்து எண்ணி எண்ணி விரல் தேய்ந்தவள். மூன்று வருடக் கணக்கு என்றால் ஆயிரத்துக்கும் மேல் நாட்கள். அந்த அதிகாரத்துக்குச் செட்டிநாட்டை விடப் பொருத்தமான உரை எங்கே கிடைக்கும்?

பிறகு 1941 டிசம்பரில் ஜப்பான் படைகள் பர்மாவுக்குள் நுழைந்தன. 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காடும் மலையும் தாண்டி நடந்தே திரும்பினார்கள். நிறையப் பேர் வழியிலேயே செத்துப்போனார்கள். போரும் முடிந்து, பர்மாவும் சுதந்திரம் அடைந்து, நிலங்கள் போய், 1963-ல் வங்கிகள் நாட்டுடைமையாகி, அதற்கடுத்த வருடம் இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேறியபோது அந்தக் கதை முடிந்தது. இன்றைக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய கதவுகளும் தூண்களும் எனாமல் பாத்திரங்களும் விற்பனைக்கு இருக்கின்றன. அவற்றுக்கும் விலை உண்டு, கணக்கு உண்டு.

அந்தப் பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடன் கட்ட முடியாமல் போக, கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் வீட்டிலும் ஒரு பெண் இருந்திருப்பாள். அவளும் பிள்ளைகளுக்குக் கேட்காமல்தான் அழுதிருப்பாள். விசும்பலுக்கு மொழி கிடையாது, சாதியும் கிடையாது.

1,650 கடைகளை எண்ணினார்கள். 75 கோடியை எண்ணினார்கள். இந்த இரண்டு பெண்களின் இரவுகளை எந்தக் குழுவும் எண்ணவில்லை. எண்ண முடியாது என்பதும் உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு சொல்லாவது இருக்கிறதே, அதையும் வானத்துக்குத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டுமா?

ஒப்பாரிக்கு உரிமை உண்டு, விசும்பலுக்கு இல்லை

நம் சமூகம் அழுகையைத் தடை செய்ததில்லை. ஒழுங்கு செய்து வைத்தது. சாவு வீட்டில் பெண்கள் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து சத்தமாக அழலாம். பாட்டாகவே அழலாம். அதுதான் ஒப்பாரி. அங்கே அழாதவளைத்தான் ஊர் குறை சொல்லும். வெளியூரிலிருந்து வந்து இறங்குகிற உறவுக்காரி தெருமுனையிலேயே குரல் எடுத்துவிடுவாள். தன் சொந்தக் கஷ்டத்தையெல்லாம் செத்தவர் பெயரில் சேர்த்து அழுதுவிட்டுப் போகிறவர்களும் உண்டு. பாவம், அவர்களுக்குக் கிடைத்த ஒரே மேடை!

தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு காரணங்களைச் சொல்கிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவது, இழப்பது, முன்பிருந்த நல்ல நிலை கெடுவது, இல்லாமை. மெய்ப்பாடு என்றாலே உள்ளத்தில் இருப்பது உடம்பில் தெரிவது. இந்த நான்கில் ஒப்பாரிக்கு இடம் கொடுக்கிறது இழவு மட்டும்தான். அதிலும் பெரும்பாலும் சாவு. மற்ற மூன்றையும் யாரும் சத்தமாக அழ விடமாட்டார்கள். அவமானப்பட்டவன் சத்தமாக அழுதால் அவமானம் இரண்டு மடங்காகும். வசதியாக இருந்து நொடித்த குடும்பம் அழுதால் அக்கம்பக்கம் சிரிக்கும். பசியை வெளியே சொன்னால் மானம் போகும்.

ஆக, நான்கில் மூன்று துக்கங்கள் விசும்பலாகத்தான் வெளியே வர முடியும். அதாவது உலகத்தின் பெரும்பாலான அழுகை நமக்குக் கேட்காத அழுகை.

இதனால் என்ன?

தமிழ்ச் செய்திகளைக் கவனித்திருக்கிறீர்களா? விபத்து என்றால் 'கதறி அழுதனர்'. தேர்வில் தோற்றால் 'கதறல்'. நடிகை பேட்டியில் கண் கலங்கினால் 'கதறி அழுத நடிகை'. தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பின்னணி இசையோடு மூன்று முறை ஒரே முகத்தைக் காட்டினால்தான் அழுகை என்று ஒப்புக்கொள்கிறார்கள். எல்லாரும் கதறுகிற ஊரில், கதறாதவர் அழவில்லை என்று ஆகிவிடுகிறது.

இதில்தான் ஆபத்து. சத்தமாக அழுகிறவருக்குத்தான் துக்கம் என்று பழகிவிட்டால், சத்தம் இல்லாதவரை விட்டுவிடுவோம். ஹாஸ்டலில் போர்வையை இழுத்து மூடிப் படுத்திருக்கும் முதல் வருடப் பையன், வகுப்பில் கடைசி பெஞ்சில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண், வளைகுடாவிலிருந்து வாட்சப்பில் 'நல்லா இருக்கேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு சீக்கிரம் வைத்துவிடும் அண்ணன். இவர்களில் யாரும் கதறப் போவதில்லை. 'கண்ல தூசி' என்பார்கள். 'சளி' என்பார்கள். அந்தக் காலத்து வளவு மாதிரியே ஹாஸ்டல் அறையும் எல்லாருக்கும் எல்லாம் கேட்கிற இடம்தான்.

'விம்மல், தேம்பல் எல்லாம் இருக்கட்டும், அழுகை அழுகைதானே, எந்தச் சொல்லைப் போட்டால் என்ன?' என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வைத்தியரிடம் போய் 'வலிக்கிறது' என்று மட்டும் சொன்னால் போதுமா? குத்துகிறதா, குடைகிறதா, இழுக்கிறதா, எரிகிறதா என்று கேட்கிறார் இல்லையா? விம்முகிறவருக்கு வேண்டியது ஒன்று. உள்ளே நிறைந்திருப்பதைக் கொட்ட ஓர் ஆள். தேம்புகிறவருக்கு வேண்டியது வேறு. அவர் ஏற்கெனவே கொட்டி ஓய்ந்துவிட்டார், அவருக்குத் தண்ணீரும் தூக்கமும் வேண்டும். விசும்புகிறவருக்கு வேண்டியது இன்னொன்று. கூட்டத்தைக் கூட்டாமல், 'ஏன் அழுகிற' என்று ஊருக்கே கேட்கும்படி சத்தம் போடாமல், பக்கத்தில் வந்து உட்காரும் ஒருவர். சொற்கள் வேறு வேறாக இருப்பதற்குக் காரணம், செய்ய வேண்டியதும் வேறு வேறு என்பதுதான்.

வானத்து விளக்கத்தின் மேல் எனக்கு இவ்வளவு கோபம் ஏன் என்று இப்போது புரியும். அது விசும்பலைப் பெரிதாக்கிவிடுகிறது. மழை, மேகம், பிரபஞ்ச சோகம் என்று ஏதேதோ ஆக்கி, அண்ணாந்து பார்க்கச் சொல்கிறது. ஆனால் விசும்பலைப் பார்க்க அண்ணாந்தால் எதுவும் தெரியாது. நேர் எதிரே இருக்கிற முகத்தில், கீழுதட்டில், பல்லால் கடித்து அடக்கிக்கொண்டிருக்கிற அந்தச் சின்ன நடுக்கத்தில்தான் தெரியும். சொல்லின் வேரே அதைத்தான் சொல்கிறது.

என் கட்சி இதுதான். விசும்பலை விசும்பல் என்றே எழுதுவோம். கதறாத இடத்தில் கதறல் போட வேண்டாம். வேறு ஊர், வேறு வட்டாரத்து நண்பர்கள் உங்கள் வீட்டு அப்பத்தாவிடமோ ஆயாவிடமோ அம்மாச்சியிடமோ ஒருமுறை கேட்டுப் பாருங்கள், சத்தம் வராத அழுகைக்கு அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று. நான் மேலே எழுதாத நாலு சொல்லாவது கிடைக்கும். கேட்கும்போது அவர்கள் முகத்தையும் கொஞ்சம் பாருங்கள். அந்தச் சொல் அவர்களுக்கு அகராதியிலிருந்து வந்திருக்காது.